விசில் ஊதாத கண்டக்டர்

பஸ் கண்டக்டருக்கு விசில்தான் வாய். ஒரு விசில் நில், இரண்டு விசில் போ. போளூரில் கிளம்பி அத்திமூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகிற வண்டியில், வளைவில் பின்னால் லாரி வருவதை டிரைவருக்குச் சொல்வதும் அதுதான். அந்த விசிலை 2002-ல் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்தேன். 2019-ல் ஓய்வு பெறும்வரை வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் தட்டியே வேலை பார்த்தேன். ஒரு தட்டு, இரண்டு தட்டு. என்னோடு ஓடிய டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் காது பழகிவிட்டது.

காரணம் என் பையன். அப்போது அவனுக்கு மூன்று வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் அவன் அம்மாவையும் என் வண்டியிலேயே மலைக்கு அழைத்துப் போனேன். முதல் விசிலுக்குக் காதைப் பொத்தினான். இரண்டாவதற்கு அலறினான். மலை ஏறி இறங்குகிறவரை அந்த அலறல் ஓயவில்லை. அன்றிலிருந்து என் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மிக்ஸி, குக்கர், திருவிழா ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் இதே கதை. ஆனால் பஸ்ஸைப் பார்ப்பதென்றால் உயிர். சக்கரம் சுற்றுவதை ரோட்டோரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

"அவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்றார்கள். வசம்பு சுட்டு நாக்கில் தடவினோம். படவேடு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டோம். ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் வேறு டானிக். கடைசியில் வேலூர் பாகாயத்தில்தான் அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டோம்: ஆட்டிசம். பாகாயம் மனநல மையம் சி.எம்.சி.யைச் சேர்ந்தது, 1957-ல் தொடங்கியது. நோயாளியைத் தனியாகப் பூட்டி வைக்காமல் குடும்பத்தாரும் கூடவே தங்கட்டும் என்று அங்கே ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மிஷன் டாக்டரம்மா கொண்டுவந்த வழக்கம் அது. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. எதற்கு அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து இவ்வளவு பேசுகிறார்கள், பையனுக்கு ஊசி போட வேண்டியதுதானே என்று எரிச்சல்பட்டேன்.

ஆட்டிசத்துக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மதியிறுக்கம் என்பார்கள், தன்முனைப்புக் குறைபாடு என்பார்கள். அரசாங்கத் தாளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இருக்கும். புற உலகச் சிந்தனை அற்றவனாம்! போளூர் பஸ் நிலையத்தில் எந்த நேரத்துக்கு எந்த வண்டி, அதன் நம்பர் என்ன, எது நேற்று லேட் என்று என் பையனிடம் கேட்டுப் பாருங்கள். நேரக் காப்பாளரே அவனிடம் கேட்பார். மலையில் இந்தப் பேர்ப் பிரச்சினையே கிடையாது. அங்கே சொல்வது "அவன் தனியா இருக்கிறவன்", அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து இதுவே தேவலை.

2003-ல் அவனுக்குச் சான்றிதழ் வாங்கப் போனோம். அப்போது இருந்தது 1995 சட்டம். அதில் ஏழு வகை ஊனம்தான், ஆட்டிசம் கிடையாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பேர் இருந்தும், சான்றிதழ் கொடுக்க அளவுகோல் இல்லை. அதனால் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். 2009-ல்தான் நம் நாட்டுக்கென்று 40 கேள்விகளோடு ஓர் அளவுகோல் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மார்க், 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். 2016 சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றபோது அதில் ஆட்டிசமும் சேர்ந்தது. என் பையன் காகிதத்தில் ஆட்டிசக்காரன் ஆனபோது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது.

இனி நாங்கள் கட்டிய பெற்றோர் சங்கத்துக்கு வருகிறேன்.

மலை வண்டியில் கண்டக்டராக இருந்தால் முகங்கள் எல்லாம் தெரிந்துவிடும். புளி மூட்டை ஏற்றுகிறவர் யார், சாமை விற்கப் போகிறவள் யார், ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவள் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். ஜன்னலோரத்து மூன்றாவது சீட்டு கிடைக்காவிட்டால் ஏறவே மாட்டேன் என்று அழுகிற பிள்ளை, கம்பியை நக்கிக்கொண்டே வருகிற பிள்ளை, கையை முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டு தனக்குத் தானே சிரிக்கிற பிள்ளை. என் மகனுக்கு முன்னால் இவர்களைப் பார்த்து "பிள்ளையை ஒழுங்காப் பிடிம்மா" என்று அதட்டியிருக்கிறேன். அப்புறம் டிக்கெட் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். "பேர் சொன்னா திரும்புறானா?" என்று கேட்டால் போதும். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பாள். "உங்களுக்கு எப்படித் தெரியும் கண்டக்டரே?" எங்கள் முதல் கணக்கெடுப்பு என் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்தான் நடந்தது. இரண்டு வருஷத்தில் மலையும் கீழுமாகப் பதினான்கு குடும்பம்.

சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 அப்படித்தான் சொல்கிறது. பதினான்கு குடும்பத்தில் ஏழு கையெழுத்துக்கு நாலு மாதம் அலைந்தோம். அப்பாக்கள் வரவில்லை. பாதிப் பேர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் தோட்ட வேலையில் இருந்தார்கள். ஊரில் இருந்தவர்களுக்கோ பேரைக் காகிதத்தில் எழுதினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று பயம். கடைசியில் ஏழில் ஐந்து பேர் அம்மாக்கள், அதில் இரண்டு கைநாட்டு. 2010-ல் பதிவானது. தலைவர் ஒரு தையல்காரம்மா. நான் பொருளாளர். சில்லறை எண்ணத் தெரிந்தவன் என்பதுதான் என் தகுதி.

பெற்றவர்களே இப்படிச் சங்கம் கட்டுவது எங்களுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். லண்டனில் 1962-ல் தொடங்கிய சங்கம் பெற்றோர் கட்டியது. அதில் இருந்த லோர்னா விங் ஒரு மனநல டாக்டர், ஆட்டிச மகளின் தாயும்கூட. டெல்லியில் 1991-ல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கிய மெரி பருவா ஒரு தாய். சென்னை வித்யாசாகரை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜனும் தாய், பின்னாளில் தேசிய அறக்கட்டளைக்கே தலைவரானவர். இதையெல்லாம் எங்கள் தையல்காரம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்க வீட்ல யாரு சமைச்சாங்கோ?"

அந்தக் கேள்விதான் எங்கள் வேலை என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது.

முதலில் எல்லோரையும்போல ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தோம். போளூரில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். பெரிய பந்து, சுவரில் கண்ணாடி, கூரையில் ஊஞ்சல், கலர் கட்டைகள். வாரத்துக்கு ஒரு நாள் வேலூரிலிருந்து ஒரு சிறப்பாசிரியை வந்தார். திறந்த அன்று மாலை, பூசை, பொங்கல். முதல் மாதம் பதினோரு பிள்ளைகள். நாலாவது மாதம் மூன்று. மூன்றும் போளூர் டவுன்.

மலை அம்மாக்கள் ஏன் வருவதில்லை என்று கமிட்டியில் பேசினோம். "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர்களை ஏற்றி இறக்குகிறவன் நான் அல்லவா? கணக்குப் போட்டுக் காட்டினேன். விடிய எழுந்து ஒற்றையடிப் பாதையில் ரோட்டுக்கு நடக்க வேண்டும். முதல் வண்டி பிடித்துக் கீழே வர வேண்டும். அரை மணி நேரம் பயிற்சி. மத்தியான வண்டிவரை பஸ் நிலையத்தில் காத்திருப்பு, அந்த வெயிலில், அந்த ஹாரன் சத்தத்தில், சத்தமே ஆகாத பிள்ளையோடு. வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அரை மணி பயிற்சிக்கு ஒரு பகல் முழுக்க, ஒரு நாள் கூலி, மேய்ச்சலுக்குப் போகாத ஆடு, பக்கத்து வீட்டில் விட்டுவந்த கைப்பிள்ளை. பிள்ளை அறையில் கற்றுக்கொண்டதையெல்லாம் பஸ் நிலையத்தில் அழுது தீர்த்துவிட்டுத்தான் வீடு போகும்.

2021-ல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணையாளுக்கும் கட்டணம் கிடையாது என்று வந்தபோது ஒரு நண்பர் போன் போட்டு, "இனி உங்க பிரச்சினை தீர்ந்துச்சே" என்றார். டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், சரி. கூலிக்கு?

2013-ல் அறையைக் காலி செய்தோம். ஊஞ்சலை விற்றோம். இதற்குக் கமிட்டியில் நடந்த சண்டையை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒருவர் ராஜினாமா செய்தார். நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "போர்டு மாட்ட இடமில்லாத சங்கத்துக்கு எதுக்குப் பணம்?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டடத்தைப் போட்டோ எடுக்கலாம், ஒரு தாய் மத்தியானம் அரை மணி தூங்கினாள் என்பதை எடுக்க முடியாது.

அறைக்குப் போன வாடகையை இரண்டு பெண்களுக்குச் சம்பளமாக்கினோம். இருவருமே ஆட்டிசப் பிள்ளையைப் பெற்றவர்கள். ஒருத்தி பத்தாவது, இன்னொருத்தி எட்டாவது. சிறப்பாசிரியை அவர்களைப் பழக்கிவிட, அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். இதற்கும் எதிர்ப்பு வந்தது. "பெத்தவங்க சேவையாச் செய்யட்டுமே, சம்பளம் எதுக்கு?" சேவை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். அது பெரும்பாலும் பொம்பளைகளிடம்தான் சொல்லப்படும், அதுவும் கூலி கொடுக்காத இடத்தில்.

படிக்காதவளை வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று படித்தவர்கள் சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் 2016-ல் வந்தது, சிறப்பாசிரியை வாயிலாக. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நிபுணர் அல்லாத ஊர்ப் பணியாளர்களைப் பழக்கி, ஆறு மாதத்தில் 12 அமர்வு, பெற்றவர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து அவர்களுக்கே காட்டிப் பேசுவது. பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுக்கப் பெற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகளும் தாமாகவே தொடர்புகொள்வது கூடியது. இருவரும் சேர்ந்து ஒரே பொருளில் கவனம் வைக்கிற நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தே போனது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி வீட்டுக்கே அனுப்புகிறது. ஆக நாங்கள் கிறுக்குத்தனம் ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காது. ஒரு பையன் எவர்சில்வர் தட்டைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். நாள் முழுக்க அதுதான். வீட்டார் தட்டைப் பிடுங்குவார்கள், அவன் தலையைச் சுவரில் மோதுவான். எங்கள் பணியாளர் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தட்டைச் சுற்றவிடுவார். பேச மாட்டார். தட்டு விழும். காத்திருப்பார். மனசுக்குள் ஐந்து எண்ணுவார், பத்து எண்ணுவார். மூன்றாவது நாளோ முப்பதாவது நாளோ, விழுந்த தட்டை அவன் எடுத்து அவர் கையில் வைப்பான். 'நீ சுற்று' என்று அர்த்தம். அந்த வீட்டில் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது.

டவுன் அம்மாக்களுக்கு இந்தக் காத்திருப்பு சுலபத்தில் வராது. "இது என்ன கலர்? சொல்லு. ரெட்! சொல்லு, ரெட்!" என்று கேள்வியாகக் கொட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மலை அம்மாக்களுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. ஆடு மேய்க்கிறவளுக்குக் காத்திருக்கத் தெரியாதா என்ன?

படம் காட்டிப் பேச வைப்பதற்கு அட்டைகள் வேண்டும். கடையில் விற்கிற அட்டையில் ஆப்பிளும் திராட்சையும் இருக்கும். எங்கள் பிள்ளைக்கு எதற்கு? பிஸ்கட் உறை, சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், இவற்றை வெட்டிக் காலண்டர் அட்டையில் ஒட்டினோம். பஸ் வேண்டுமா, பழைய டிக்கெட்டை ஒட்டு. புளி சீசனில் கொட்டை எடுக்கிற இடத்தில் பிள்ளையையும் உட்காரவைத்தால் கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று பிரிக்கும். அம்மா வேலையும் நிற்காது, பாடமும் நடக்கும். உரலில் சாமை குத்துகிற தாளம் சில பிள்ளைகளுக்கு எந்தத் தாலாட்டையும்விடப் பிடிக்கும். சிலது காதைப் பொத்திக்கொண்டு ஓடும். ஒன்றைப்போல ஒன்று இருக்காது.

ஓடுவது என்று சொன்னதும் நினைவு வருகிறது. 2013-ல் 'ஹரிதாஸ்' படம் வந்தது. ஆட்டிசப் பையன் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகிற கதை. அதன்பிறகு எங்கே போனாலும், "உங்க பையன் ஓடுவானா சார்?" என்று கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் ஓடுவார்கள் ஐயா, பந்தயத்தில் அல்ல. கதவு திறந்திருந்தால் ஓடுவார்கள், தண்ணீரைப் பார்த்தால் ஓடுவார்கள். மலையிலும் கீழேயும் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு எத்தனை! வீட்டுக்குப் போனால் எங்கள் பணியாளர் முதலில் பார்ப்பது பிள்ளையை அல்ல, கிணறு எவ்வளவு தூரம் என்பதை. இந்தப் பாடம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதை எழுத மாட்டேன். அந்தத் தாய் இன்னும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறாள்.

பழி விஷயம் தனி. கிரகணத்தில் வெளியே போனாள், டி.வி. முன்னால் போட்டாள், இப்போது செல்போன். எது நடந்தாலும் பெற்றவள் தலையில்தான் விழும். பட்டிக்காட்டு அறியாமை என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் லியோ கானர் 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதித்தான் இந்த நிலைக்குப் பேர் வந்தது. அதற்கப்புறம் படித்த டாக்டர்களும் பேராசிரியர்களுமே கால் நூற்றாண்டு காலம், பாசமில்லாத உறைபனித் தாய்மார்களால் வருவது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1969-ல் பெற்றோர் கூட்டத்தில் நின்று, உங்கள்மேல் குற்றமில்லை என்று கானரே சொல்ல வேண்டியிருந்தது. எஸ்.பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' புத்தகத்தை மாதக் கூட்டத்தில் யாராவது உரக்கப் படிப்பார்கள். மாமியார்களையும் அழைத்து உட்காரவைப்போம். மருமகள் சொன்னால் ஏறாதது புத்தகம் சொன்னால் ஏறுகிறது.

சங்கம் நடத்துவதில் பாதி வேலை காகிதம். அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிவது, ஒரு லட்சம் வரைக்குமான நிராமயா காப்பீட்டுக்கு எழுதிப் போடுவது, பராமரிப்பு உதவித்தொகை இரண்டாயிரம் ஏன் இந்த மாதம் ஏறவில்லை என்று கேட்பது. 18 வயது முடிந்த பிள்ளைக்கு, பெற்ற தகப்பனே சட்டக் காப்பாளராக வேண்டும் என்று கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட வேண்டும். என் பையனுக்கு நான் மனுப் போட்டபோது படிவத்தில் 'விண்ணப்பதாரருக்கும் இவருக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்பா என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 வந்தால் நீல விளக்கு, ரிப்பன், போட்டோ. போவோம், நிற்போம். மறுநாள் யாரும் வர மாட்டார்கள். தையல்காரம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைவர் பதவியை விட்டுவிட்டார். மகனுக்கு இருபது வயதில் வலிப்பு தொடங்கியது, ராத்திரி தூக்கம் இல்லை. எல்லோருக்கும் தோள் கொடுத்தவர் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. இப்போது வாரம் இரண்டு நாள் எங்களில் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறோம். அவர் அந்த நேரத்தில் தூங்குவார், இல்லாவிட்டால் தைப்பார். இதைச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டர் கேட்டார். 'பயிற்சி' என்று எழுதச் சொன்னேன்.

நான் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் மலைக்குப் போகிறேன், பயணியாக. அட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு என் பையனும் வருவான். அவனுக்கு இருபத்தாறு வயது. விசிலுக்கு இப்போதெல்லாம் அலறுவதில்லை, காதைப் பொத்திக்கொள்வதோடு சரி.

மேலே பேச்சே வராத ஒரு பையன் இருக்கிறான், எட்டு வயது. நான் சர்வீஸில் இருந்தபோது பேறுகாலச் செக்கப்புக்குப் போன தாய் வயிற்றில் என் வண்டியில் வந்தவன். அவனோடு விளையாடும்போது நான் பழக்கதோஷத்தில் தரையைத் தட்டியிருக்கிறேன் போல. ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு இன்னும் வேண்டும். அதை அவன் பிடித்துக்கொண்டான். சோறு போட்டால் தட்டில் இரண்டு தட்டு. தலை வாரினால் அம்மா கையில் ஒரு தட்டு. வீடே இப்போது தட்டித்தான் பேசுகிறது.

போன மாதம் அவனையும் அவன் அம்மாவையும் திருவண்ணாமலை முகாமுக்கு அழைத்துக்கொண்டு இறங்கினோம். ஜமுனாமரத்தூரில் வண்டி நின்றிருந்தது. டிரைவர் என்னோடு ஆறு வருஷம் ஓடியவர், ஸ்டியரிங்கில் கை வைத்துத் தயாராக இருந்தார். எல்லோரும் ஏறியாயிற்று. வண்டி நகரவில்லை. பையனுக்குப் பொறுமை போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தகரத்தில் பளார் பளாரென்று இரண்டு தட்டு தட்டினான்.

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

புதுக் கண்டக்டர் டீக்கடையில் இருந்தார். கிளாஸைக் கையில் பிடித்தபடி, விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். பையனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். என் மகன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கை வாட்சைப் பார்த்து, "நாலு நிமிஷம் லேட்" என்றான்.